ஆலை நிறைந்த ஊரில் இலுப்பைப் பூ

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்பது தமிழர் அனைவரும் அறிந்த பழமொழி. நல்லது கிடைக்காத இடத்தில் இருப்பதே நல்லதாகிவிடும் என்பது அதன் இன்றைய பொருள். பெரும்பாலும் ஏளனமாகவே ஆளப்படுகிறது. திறமை குறைந்த ஒருவருக்குப் பதவி கிடைத்தால் இப்பழமொழியைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அது பிறந்த காலத்தில் ஏளனத்தோடு ஓர் உணவுச் செய்தியையும் சுமந்திருந்தது. இங்கே 'ஆலை' என்பது கரும்பு ஆலை. கரும்பு விளையாத, வெல்லம் காய்ச்சாத ஊர்களில் இனிப்புக்கு ஒரு மரத்தின் பூவை நம்பி மக்கள் வாழ்ந்தார்கள் என்பதே அச்செய்தி.

பின்னாளில் 'ஆலை' என்னும் சொல்லின் பொருள் விரிந்தது. கரும்பைப் பிழியும் இடத்தைக் குறித்த சொல், பஞ்சாலை, நெல் அரைக்கும் ஆலை, உருக்காலை எனத் தொழிற்கூடம் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. இந்தப் புதிய பொருளில் 'ஆலை' நிறைந்த ஊர் ஒன்று, பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் உள்ளது. அதன் பெயர் பொம்மசந்திரா. அங்கு இலுப்பைப் பூவைச் சர்க்கரை என்று கருதுவோர் இன்று அரிது. அந்த மறதி எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, சங்க இலக்கியம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகம் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

*

முதலில் ஊர்ப்பெயர். பெங்களூருவின் தெற்கிலும் கிழக்கிலும் சிங்கசந்திரா, தொம்மசந்திரா, தேவசந்திரா எனப் பல ஊர்கள் 'சந்திரா' என முடிகின்றன. இம்முடிவுக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. 'சமுத்திர' என்னும் சொல்லின் திரிபு இது என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர் பலரின் கருத்து. பெரிய ஏரி வெட்டி, அதைச் சார்ந்து அமைந்த குடியிருப்பைச் 'சமுத்திரம்' என அழைப்பது தென்னிந்திய வழக்கம். தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம் போன்ற பெயர்களும் அவ்வகையின. எனவே பொம்மசந்திரா என்பது, ஏரியும் ஏரிப் பாசனமும் தோப்பும் மேய்ச்சல் நிலமும் இருந்த ஓர் உழவர் ஊரின் நினைவைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.

ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நிலப்பகுதியில் உள்ளது. சிறிது தொலைவிலுள்ள ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர்த் தருமபுரி மாவட்டத்துக்குச் சென்று, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறிய போதும், சந்தைக்கும் திருமணத்துக்கும் கூலி வேலைக்கும் மக்கள் இருபுறமும் போய்வந்துகொண்டே இருந்தனர். 1966இல் அமைக்கப்பட்ட கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம், பின்னர் பொம்மசந்திராவில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. மருந்து, இயந்திர உதிரிப்பாகம், ஆடை எனப் பல தொழில்கள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த தொழிலாளரோடு, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் சேர்ந்தனர். 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் இவ்வூர் வரை திறக்கப்பட்டது. ஏரியின் பெயரைத் தாங்கிய ஊர் இன்று ஒரு ரயில் தடத்தின் கடைசி நிலையம்.

*

அடுத்து மரத்தின் பெயர். சங்கப் பாடல்களில் இம்மரத்தின் பெயர் 'இருப்பை'. பின்னர் 'இலுப்பை' என வழங்கலாயிற்று. மலையாளத்தில் 'இலுப்ப', 'இரிப்ப' என்னும் வடிவங்கள் உள்ளன. கன்னடத்தில் 'இப்பே', 'ஹிப்பே'. தெலுங்கில் 'இப்ப'. ஒரே வேரிலிருந்து கிளைத்த இச்சொற்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே இம்மரத்தை இப்பகுதி மக்கள் பெயரிட்டு அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றன. வட இந்தியாவில் வழங்கும் 'மஹுவா' என்னும் பெயர் வேறு வழியில் வந்தது. அது 'மதூக' என்னும் வடசொல்லின் திரிபு. தாவரவியலார் இட்ட 'மதுக்கா' என்னும் பேரினப் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. மத்திய இந்திய மரமும் தமிழக மரமும் இலை வடிவில் சற்று வேறுபட்டாலும் நெருங்கிய உறவுடையவை.

அகநானூற்றின் பாலைப் பாடல் ஒன்று இந்தப் பூவை உணவாகவே காட்டுகிறது. குட்டி ஈன்ற கரடிகள் கிளைகளில் புகுந்து பூவைத் தின்கின்றன. அவை தின்று எஞ்சியதைப் பழையர் குடிப் பெண்கள் மூங்கில் குழாய்களில் நிரப்பிக்கொண்டு, மலைச்சிற்றூரின் தெருத்தெருவாகச் செல்கின்றனர். பூவைச் சேகரித்தவர்கள் பெண்கள் என்பதும், விலங்குகளோடு பகிர்ந்துகொண்ட உணவு அது என்பதும், சேகரித்த வீட்டோடு நில்லாமல் தெருவுக்கும் அது வந்தது என்பதும் அக்காட்சியில் கிடைக்கும் மூன்று செய்திகள். 'பழையர்' என்னும் சொல்லுக்குக் கள் விற்போர் எனப் பொருள் கூறும் மரபும் உண்டு. உணவும் மதுவும் ஒரே பூவில் நெருங்கியிருந்தன என்பதற்கு அது ஒரு குறிப்பாகலாம். பிற்காலத்தில் சிக்கல் எழுந்ததும் அந்த நெருக்கத்தால்தான்.

*

இலுப்பையை உணவாக்கியது அதன் பூவின் இயல்பு. கோடையின் தொடக்கத்தில், இலைகள் உதிர்ந்தபின், கிளை நுனிகளில் பூக்கொத்துகள் தோன்றும். இதழ்கள் தனித்தனியாக விரியாமல் ஒன்றிணைந்து, சாறு நிறைந்த சிறு குடுவை போல இருக்கும். இரவில் முதிர்ந்து விடியலில் உதிரும். பறிக்க ஏறவேண்டியதில்லை, கிளையை ஒடிக்கவும் வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் மரத்தடிக்குச் சென்று பொறுக்கினால் போதும். உதிர்ந்தது குழாய் போன்ற இதழ்ப்பகுதி மட்டுமே. சூலகம் மரத்திலேயே தங்கிக் காயாகும். ஆகவே பூவைப் பொறுக்குவதால் காய் குறைவதில்லை. அந்தக் காயின் விதையிலிருந்து எடுக்கும் இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது. ஒரே மரம் ஒரே ஆண்டில் பூவால் உணவும் விதையால் ஒளியும் தந்தது.

பொறுக்கிய பூவிலிருந்து மகரந்தத் தாள்களை நீக்கி, வெயிலில் சில நாள் காயவைப்பார்கள். காய்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. உலர்திராட்சை போலச் சுருங்கிப் பழுப்பேறிய அந்தப் பூ, மாதக்கணக்கில் கெடாது. வறுத்தும் வேகவைத்தும் இடித்தும் உண்பர். தானியம் தீர்ந்துபோகும் மழைக்காலத்தில், அடுத்த அறுவடை வரை வீட்டைக் காத்தது மத்திய இந்தியாவில் இந்த இருப்பே. ஜார்ஜ் வாட் தொகுத்து 1889 முதல் 1893 வரை வெளிவந்த இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, இம்மரத்துக்கு நீண்ட பதிவை ஒதுக்கியுள்ளது. காலனிய ஆட்சி இந்தப் பூவின் மதிப்பை நன்கு அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

*

அறிந்திருந்த அதே ஆட்சிதான் பூவுக்குத் தடையும் விதித்தது. மஹுவாப் பூவை ஊறவைத்துக் காய்ச்சினால் சாராயம் கிடைக்கும். பம்பாய் மாகாணம் 1878இல் ஆப்காரிச் சட்டத்தை இயற்றி, சாராய உற்பத்தியைச் சிதறிய சிறு அடுப்புகளிலிருந்து அகற்றி, அரசு வரி பெறும் வடிசாலைகளுக்கு மாற்றியது. கானக மக்கள் தம் வீட்டில் காய்ச்சுவது குற்றமாயிற்று. ஆயினும் பூ வீடுகளில் இருக்கும்வரை காய்ச்சுவதைத் தடுக்க இயலவில்லை. எனவே 1892இல் மௌரா சட்டம் வந்தது. தாணே, கொலாபா போன்ற மாவட்டங்களில் பூவைச் சேகரிப்பதும் இருப்பு வைப்பதும் விற்பதும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

இச்சட்டத்தில் கருதத்தக்கது அதன் தர்க்கம். சாராயம் குற்றம் என்பதிலிருந்து, சாராயம் ஆகக்கூடிய பூவும் ஐயத்துக்குரியது என்னும் முடிவுக்கு அரசு வந்தது. பூ ஏழைகளின் உணவு என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. ஆனால் ஒரு வீட்டின் கூடையிலுள்ள காய்ந்த பூ உணவுக்கானதா அடுப்புக்கானதா என்று அதிகாரியால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாதபோது, வருவாய்க்குச் சாதகமான பொருளே சட்டத்தின் பொருளாகும். மரத்தடியில் விடியலில் குனிந்து பொறுக்கிய பெண் ஒரு தலைமுறைக்குள் ஐயத்துக்குரியவர் ஆனார்.

இச்சட்டம் மைசூர்ச் சமஸ்தானத்துக்கோ சென்னை மாகாணத்துக்கோ உரியதன்று. எனவே பொம்மசந்திராவைச் சுற்றிய ஊர்களில் பூ மறைந்ததற்கு இதைக் காரணமாகக் கூற இயலாது. ஆயினும், உதிர்ந்த பூ யாருக்குரியது என்னும் கேள்வியை இந்தியாவில் சட்டமே வெளிப்படையாக எழுப்பிய நிகழ்வு இது. பெங்களூருவில் அக்கேள்விக்கு விடை வேறு வழியில், ஓசையின்றிக் கிடைத்தது. அங்கே பூ தடுக்கப்படவில்லை. பூவைப் பார்க்கும் பார்வை மாறியது.

*

பழைய மைசூர்ப் பகுதியின் ஊர்களில் 'குண்டு தோப்பு' என்னும் பொதுத்தோப்பு இருந்தது. மா, பலா, நாவல், புளி, ஆல், அரசு போன்ற மரங்கள் நிறைந்த அத்தோப்பு ஊருக்குப் பொதுவானது. கனியும் விறகும் தழையும் நிழலும் அங்கிருந்து கிடைத்தன. பெங்களூருவின் இயற்கை வரலாற்றை ஆராய்ந்த ஹரிணி நாகேந்திரா, அவருடன் எழுதிய சீமா முண்டோலி ஆகியோர், நகரம் விரியும்போது இத்தோப்புகள் பள்ளி, பேருந்து நிலையம், குடியிருப்பு, தொழிற்பேட்டை எனப் பிற பயன்களுக்கு எவ்வாறு மாற்றப்பட்டன என்பதைப் பதிவு செய்துள்ளனர். தோப்பு போனபோது, பொறுக்கும் உரிமையும் அதனோடு போயிற்று. எந்தச் சட்டமும் அதைப் பறிக்கவில்லை. பொறுக்குவதற்கு இடம் இல்லாமற்போனதே காரணம்.

மறுபுறம், நகரத்தின் சாலைகளில் வேறு வகை மரங்கள் வந்தன. 1908இல் மைசூர்ச் சமஸ்தானப் பணிக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் குஸ்தாவ் ஹெர்மான் க்ரும்பீகல், லால்பாக் பூங்காவின் பொறுப்பேற்றார். ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்குமாறு சாலைகளில் மரங்களை வரிசைப்படுத்தும் முறை அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. தென் அமெரிக்காவின் ஜகரண்டா, மடகாஸ்கரின் குல்மொகர், மத்திய அமெரிக்காவின் இளஞ்சிவப்புத் தபேபுயா, ஆப்பிரிக்காவின் ஸ்பாதோடியா என, ஆண்டு முழுவதும் கண்ணுக்கு விருந்தளிக்கும் மரங்கள் நகரின் அடையாளமாயின. 1980களில் வன அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹாள் தலைமையில் பெங்களூருவில் ஏறத்தாழ 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. நிழலில்லாத புதிய தெருக்களுக்கு நிழல் தந்தது அப்பெருமுயற்சி.

இப்பணிகளின் சிறப்பு மறுக்கத்தக்கதன்று. எனினும் இவற்றோடு ஒரு புதிய வகைப்பாடும் வேரூன்றியது. 'அழகு மரம்', 'நிழல் மரம்', 'பழ மரம்' என மரங்கள் பிரிக்கப்பட்டன. பூ அழகு மரத்தின் பகுதிக்குப் போயிற்று. பூ என்றால் பார்ப்பதற்கு. பழம் என்றால் உண்பதற்கு. இரண்டையும் சேர்த்துக் காணும் பார்வைக்குச் சாலைத் திட்டத்தில் இடம் இல்லை. உதிர்ந்த பூ, கூட்டித் தள்ளவேண்டிய குப்பையாயிற்று.

*

ஆயினும் பூவுணவு முற்றிலும் அழியவில்லை. அது எங்கெங்கே எஞ்சியது என்று பார்த்தால் ஒரு வரைபடமே கிடைக்கிறது.

பண்டிகை நாளில் எஞ்சியது வேப்பம்பூ. கர்நாடகத்தில் யுகாதியன்று பேவு-பெல்ல எனும் வேம்பும் வெல்லமும் கலந்த உணவு, தெலுங்கர் வீட்டில் உகாதிப் பச்சடி, தமிழர் வீட்டில் சித்திரை முதல் நாளின் மாங்காய்ப் பச்சடி, மூன்றிலும் வேம்பு உண்டு. காயவைத்து டப்பாவில் சேர்த்த வேப்பம்பூ, நெய்யில் வறுபட்டு ரசத்தில் விழுவது அன்றாடச் சமையல். யாழ்ப்பாணத்தில் அது வேப்பம்பூ வடகமாகி, கடல் கடந்த தமிழர் வீடுகளுக்கும் பொதியாகிச் செல்கிறது. நாட்காட்டியோடு கட்டப்பட்டதால் வேப்பம்பூ தப்பியது.

வீட்டுக் கொல்லையில் எஞ்சியவை முருங்கைப்பூவும் அகத்திப்பூவும். முருங்கைப்பூவைப் பருப்போடும் முட்டையோடும் வதக்குவது தமிழர் வழக்கம். வங்காளத்தில் இளவேனிலில் 'சஜ்னே பூல்' எனச் சமைப்பர். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடப்பட்ட அகத்தியின் பூ, நடுவிலுள்ள கசப்பு நரம்பை நீக்கிப் பொரியலாகும். வங்காளத்தில் அதே பூ 'பக் பூல்' என்னும் பெயரில் மாவில் தோய்ந்து பஜ்ஜியாகிறது. தாய்லாந்தில் புளிப்புக் குழம்பில் இடம்பெறுகிறது.

சாலையோரத்தில், பெயர் மட்டும் மாறி நிற்பது மந்தாரை. மாட்டின் குளம்பு போன்ற இலையால் கன்னடத்தில் 'பசவனபாத' எனப்படும் இவ்வின மரங்கள், பெங்களூருவில் அழகுக்காக நடப்படுபவை. வட இந்தியரோ அவற்றுள் ஒன்றைக் 'கச்னார்' என்று அறிவர். விரியாத அதன் மொட்டு அவர்களுக்கு இளவேனிற் காய்கறி. முள்ளிலவின் சிவந்த பூவும் அவ்வாறே. அதன் காய்ந்த மகரந்தத் தாள்கள் வடக்குத் தாய்லாந்தின் நூடுல்ஸ் குழம்பு ஒன்றுக்குப் பெயரையே தந்திருக்கின்றன. ஜப்பானியர் செர்ரிப் பூவை உப்பிலிட்டுத் திருமணத்தில் பானமாகத் தருவர். பிரான்சிலும் இத்தாலியிலும் ரொபினியா மரத்தின் வெண்பூங்கொத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பர். மரப்பூவை உண்பது வறுமையின் அடையாளம் என்னும் கருத்து உலகப் பொதுவானதன்று என்பதற்கு இவை சான்று.

பொம்மசந்திராவின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது. வேப்பம்பூவை உண்ணும் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும், பக் பூலை உண்ணும் வங்காளிகளும், கச்னாரை உண்ணும் பீகாரிகளும், மஹுவாவோடு வளர்ந்த ஜார்க்கண்ட், ஒடிசா மக்களும் ஒரே தொழிற்பேட்டையில் வேலை செய்கின்றனர். ஒருவருக்கு அழகாகத் தெரியும் மரம், அடுத்தவருக்கு உணவாகத் தெரிகிறது. தனித்தனியே ஒவ்வொருவரிடமும் இருப்பது துண்டுத் துண்டான அறிவு. சேர்த்துப் பார்த்தால், இந்தியாவின் பூவுணவு வரலாற்றில் பெரும்பகுதி ஒரே ஊரில் குடியேறியிருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளப் பொதுத்தோப்பும் இல்லை, பொதுமொழியும் குறைவு.

*

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பூவை உண்பது என்பது எந்தப் பூவையும் உண்பதன்று. சாலைகளின் நடுத்திட்டில் செழித்து நிற்கும் அரளி, பூவும் இலையும் தண்டும் நஞ்சானது. மஞ்சள் அரளியும் அவ்வாறே. 2024 மே மாதத்தில் கேரளத்தின் தேவஸ்வம் வாரியங்கள், கோயில் நிவேதனங்களில் அரளிப்பூவை விலக்கின. அரளி நஞ்சால் உயிரிழப்பு நேர்ந்ததாக எழுந்த ஐயமே அதற்குக் காரணம். உணவுப் பூவையும் நச்சுப் பூவையும் பிரித்தறியும் அறிவு தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு வந்தது. அது அறுந்தால் பூவுணவு போவதோடு, ஆபத்தை அறியும் கண்ணும் போகிறது. மேலும், உண்ணத்தக்க மரமே ஆனாலும், லாரிப் புகையும் ஆலைத் தூசியும் படியும் சாலையோரப் பூ உண்ணத்தக்கதாகாது. பழைய தோப்பு தந்தது பூவை மட்டுமன்று. தூய்மையான மரத்தடியையும் அது தந்தது.

*

மஹுவாவின் கதை இதற்கிடையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கானக மக்கள் சிறுவன விளைபொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரியவர்கள் என ஏற்றது. 2021இல் மத்தியப் பிரதேச அரசு, மஹுவாச் சாராயத்தைப் 'பாரம்பரிய மது' என விற்க வழிசெய்வதாக அறிவித்தது. 1892இல் ஐயத்துக்குரியதாக இருந்த பூ, ஏறத்தாழ 130 ஆண்டுகளில் பாரம்பரியம் ஆயிற்று. ஆயினும் உணவாக அது இழந்த இடம் அவ்வாறு திரும்பவில்லை. மதுவுக்கு வருவாய் உண்டு. மழைக்காலக் கூடையிலிருந்த காய்ந்த பூவுக்கு வருவாய் இல்லை.

நகரத்துக்கு அத்தகைய சட்டம்கூட இல்லை. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கவலை, மரம் வெட்டுவதைப் பற்றியது. அக்கவலை தேவையானதே. ஆனால் நிற்கும் மரத்தோடு மக்களுக்கு உள்ள உறவு எது என்பது இன்னும் கேட்கப்படாத கேள்வி. எந்த மரக்கன்றை எந்த இடத்தில் நடுவது என்னும் முடிவு, அடுத்த 50 ஆண்டுகளுக்கு அவ்விடத்தில் யார் குனிந்து எதைப் பொறுக்கலாம் என்பதையும் முடிவு செய்கிறது. சாலையிலிருந்து விலகிய ஏரிக்கரையிலும் பள்ளி வளாகத்திலும் ஓர் இலுப்பையும் ஒரு வேம்பும் நிற்குமானால், அதன் கீழே கன்னடம், தமிழ், ஒடியா, வங்காளம் பேசும் பெண்கள் ஒரே பூவைத் தத்தம் பெயரால் அழைத்துப் பொறுக்கக்கூடும்.

பழமொழியில் இலுப்பைப் பூ, ஆலை இல்லாத குறையை நிரப்பியது. பொம்மசந்திராவில் ஆலைக்குக் குறைவில்லை. அங்கே இன்று குறைவது இலுப்பையும், அதன் பூ சர்க்கரை என அறிந்தவர்களும்.